ஃபில்டர் மாற்றியபின் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, ஏர் நிற்காமல் வருகிறது

கேள்வி:
மூன்று சிலிண்டர், இன்லைன் பம்ப் (இன்ஜினுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பெரிய பம்ப்). இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றி, ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்ப்) முன்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தையும் கழுவி மாட்டினேன். ஏர் எடுத்ததும் (டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றியதும்) ஸ்டார்ட் ஆகி, இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. இப்போது செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை. ஃபில்டர் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பில் உள்ள ஹேண்ட் பம்பைக் கையால் அடித்தால் நுரையாகவே வருகிறது. அரை மணி நேரமாகியும் தெளியவில்லை. பெரிய பம்ப் போய்விட்டதா?

பதில் 1:
பம்புல கை வைக்காதீங்க. புகையே இல்லைன்னா நாசிலுக்கு (சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கிற முனை) டீசல் போகலை, அவ்வளவுதான். வெள்ளைப் புகை வந்தா டீசல் போயும் எரியலைன்னு அர்த்தம், அது வேற கதை. இன்ஜினை நிறுத்துற ஸ்டாப் கேபிள் இறுகி, பம்ப் பக்கத்து லீவர் பாதியில நிக்குதான்னு முதல்ல பாருங்க. அடுத்து ஃபில்டர் ரப்பர் ரிங். பழைய ரிங் மேல் மூடியிலேயே ஒட்டிக்கிட்டு, அதுமேல புதுசும் உட்கார்ந்திருக்கும்.

பதில் 2:
ரெண்டு ரிங் மாட்டுறது நடக்கிறதுதான். ஆனா இந்த வண்டியில ஃபில்டர் ஃபீட் பம்புக்கு அப்புறம் இருக்கு. அங்க ஓட்டை இருந்தா ஹேண்ட் பம்ப் அடிக்கும்போது டீசல் வெளிய கசியும். வெளிய சொட்டு இல்லாம நுரை மட்டும் வந்தா, டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுலதான் காற்றை இழுக்குது.

சோதிக்க: சுத்தமான கேன்ல 5 லிட்டர் டீசல் ஊத்தி டேங்க் உயரத்துல வைங்க. அதுலேர்ந்து உள்ளே தெரியுற ஹோஸை நேரா ஃபீட் பம்ப் வாய்க்குக் கொடுத்து அடிங்க. நுரை நின்னா கிண்ணத்து வாஷர், பைப், பான்ஜோ போல்ட் (பைப் முனை வளையத்தைப் பிடிக்கிற, உள்ளே டீசல் போற துளை போல்ட்) இதுல ஒண்ணு. அந்த வளையத்துக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு செம்பு வாஷர். பழசைத் திரும்பப் போட்டா சரியா உட்காராது. நுரை நிக்கலைன்னா ஹேண்ட் பம்ப் பிளஞ்சர் தேஞ்சிருக்கு.

பதில் 3:
ஓட்டையை அடைச்சப்புறம் வரிசை மாறாம ஏர் எடுங்க: முதல் ஃபில்டர், ரெண்டாவது ஃபில்டர், பிறகு பெரிய பம்ப் ஸ்க்ரூ. ஹேண்ட் பம்ப் குமிழைத் திருகி இறுக்க மறக்கக் கூடாது. அப்படியும் பிடிக்கலைன்னா ரெண்டு நாசில் பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டர் முழுசா வச்சு செல்ஃப் அடிங்க. டீசல் துடிச்சு வந்ததும் இறுக்குங்க. ஒரு தடவைக்கு 10 விநாடி, நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வு. இல்லைன்னா செல்ஃப் மோட்டார் சூடாகிக் கருகும். அந்த நட்டு கிட்ட விரலை வைக்காதீங்க, அந்த அழுத்தத்துல டீசல் தோலுக்குள்ள இறங்கிடும்.

கேள்வி கேட்டவர்:
கேனில் கொடுத்ததும் நுரை நின்றது. கிண்ணத்து வாஷர் ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டுப்பட்டிருக்கிறது. புதிது போட்டேன், மூன்றாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது.