பாலை மரத்து ஆந்தை: 'ஒட்டுசுட்டான் உறவுகள்' குழு

பெரியம்மா: பின்வளவுப் பாலையிலிருந்து மூன்று இரவுகளாக ஒரு பறவை பெண் அழுவதைப் போலக் குழறுகிறது. வெள்ளிக்கிழமை கல்யாணத் தாலிக்குப் பொன்னுருக்கல். அது சாக்குருவியென்றும், பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றுமுன் மரத்தைத் தறிக்க வேண்டுமென்றும் அப்பாச்சி பிடிவாதமாக நிற்கிறார்.

டொரண்டோ அண்ணன்: யாருக்காம் சாவு?

பெரியம்மா: நாவை அடக்கு, தம்பி.

சின்ன மாமா: அக்கா, தறிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய குரற்பதிவில் ஏறி இறங்கும் நீண்ட ஓலமும், பிறகு இடைவெளி விட்டு ஆழ்ந்த 'ஊ' என்ற ஒலியும் கேட்பதால், அது புள்ளி வயிற்றுக் கொம்பன் ஆந்தையாக இருக்க வேண்டும். சிங்களவர் 'உலமா' என்று அஞ்சும் பறவை இதுவே எனப் பலர் கருதுகின்றனர். 1836இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஹொட்ஜ்சன் நேபாளத்தில் கண்டு விவரித்த இந்த இனம், இமயமலை அடிவாரம் முதல் நமது காடுகள் வரை வாழ்கிறது. கொம்பு என்பது கொம்புமன்று, காதுமன்று, வெறும் தூவல்.

டொரண்டோ அண்ணன்: மாமா வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

முள்ளியவளை மச்சாள்: இதே குரலைக் கேட்டு முறிகண்டியில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியவர் என் அப்பா, உங்கள் சின்ன மாமாதான்.

சின்ன மாமா: அப்போது எனக்குப் பதினாறு வயது.

பெரியம்மா: நேற்று ரோச் அடித்துப் பார்த்தேன். கண்கள் கறுப்பு, அலகு மஞ்சள், வெள்ளை வயிற்றில் மை சிந்தியது போலப் புள்ளிகள். ஓடவில்லை, தலையை மெல்லத் திருப்பி என்னையே பார்த்தது. இரண்டு கோழிகளையும் காணவில்லை.

சின்ன மாமா: முயலையும் காட்டுக்கோழியையும் தூக்கும் பறவைக்கு உங்கள் கோழி எம்மாத்திரம்? இறகின் முன்விளிம்பு சீப்புப் போல் இருப்பதால் அது வரும் அரவமே கேட்காது. கூட்டை இருட்டுமுன் அடையுங்கள். பொந்தில் ஒரேயொரு முட்டைதான் இடும். மரம் விழுந்தால் அதுவும் போய்விடும்.

சித்தப்பா: அந்த மரம் என் எல்லையில் நிற்கிறது. 2009இல் எறிகணை முறித்த கிளையின் பொந்தில்தான் அது இருக்கிறது. கத்தி வைக்க விடமாட்டேன்.

பெரியம்மா: எல்லை அளந்த அன்று நீங்கள் வரவில்லையே.

சித்தப்பா: அதை இங்கே பேச வேண்டாம், அண்ணி.

பெரியம்மா: மரம் நிற்கட்டுமாம், ஆனால் பந்தலை முன்முற்றத்துக்கு மாற்ற வேண்டுமென்று அப்பாச்சி சொல்கிறார். அங்கே கிணறு இடைஞ்சல்.

முள்ளியவளை மச்சாள்: பந்தல்காரரிடம் யார் கதைப்பது?

டொரண்டோ அண்ணன்: இப்போது அழுகிறதா?

பெரியம்மா: இன்னும் இல்லை. அப்பாச்சி திண்ணையில் காத்திருக்கிறார்.