இந்த மாதம் டிவியில் வரிசையா பழைய படங்கள்: எதை விடக்கூடாது?

ஆறாங்கட்டை எழுதியது:

ஊர் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். இந்த மாத அட்டவணையில பழைய தமிழ்ப் படங்கள் நிறைய இருக்கு: பராசக்தி, அந்த நாள், நாடோடி மன்னன், காதலிக்க நேரமில்லை, திருவிளையாடல், தில்லானா மோகனாம்பாள், ராஜராஜ சோழன், உதிரிப்பூக்கள். வீட்டுல எழுபது வயசு தாண்டினவங்க ரெண்டு பேர், பள்ளிக்கூடப் பிள்ளைங்க ரெண்டு பேர். வாரத்துக்கு ரெண்டு படத்துக்கு மேல உட்கார முடியாது. எதை எடுக்கலாம்?

இன்னொரு சந்தேகம். 43 இன்ச் டிவியில பழைய படம் போட்டா ஆளுங்க எல்லாரும் குண்டாத் தெரியுறாங்க. கோளாறு டிகோடர்லயா (டிஷ்ஷோட வர்ற பெட்டி), டிவியிலயா?

---

பழைய ரீல் எழுதியது:

அண்ணே, எந்தப் படம்னு பார்க்கறதுக்கு முன்னாடி அதுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்காங்கன்னு பாருங்க. பழைய படம் டிவியில கெட்டுப்போறது பாதி அங்கதான். பராசக்தி (1952) மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும். விளம்பரத்தையும் சேர்த்து அதை மூணு மணி நேரத்துல அடைச்சிருந்தா கத்தரி விழுந்திருக்குன்னு அர்த்தம். நாடோடி மன்னன் (1958) கிட்டத்தட்ட மூணே முக்கால் மணி நேரம். அதை ஒரே மூச்சுல போடுறாங்களா, ரெண்டு நாளாப் பிரிச்சிருக்காங்களான்னு அட்டவணையிலயே தெரிஞ்சிடும். பிரிச்சிருந்தா நல்லது.

சரியான நீளம் தெரியணும்னா படம் தொடங்குமுன் வர்ற தணிக்கைச் சான்றிதழைப் பாருங்க. நீளம் அடியிலயோ மீட்டர்லயோ இருக்கும். 35 எம்எம் பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், மீட்டர்ல 27.4. ஆக 16,200 அடின்னா 180 நிமிஷம். ஆனா டிவிக்கு இன்னொரு கழிவு உண்டு. பிலிம் நொடிக்கு 24 கட்டம், நம்ம நாட்டு ஒளிபரப்பு 25. பல பிரதிகளை அப்படியே 25 வேகத்துல ஓட்டி மாத்தியிருப்பாங்க. அதனால 180 நிமிஷப் படம் 173 நிமிஷத்துல முடியும். அந்த ஏழு நிமிஷம் வெட்டு இல்ல. அதுக்கு மேல குறைஞ்சா வெட்டுதான். (இதே காரணத்தால பாட்டுகளும் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவா ஏறிக் கேக்கும். ஆர்மோனியம் வச்சுக்கிட்டு கூடப் பாடிப் பார்க்குறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.)

இனி தேர்வு. பெரியவங்களுக்கு முதல்ல பராசக்தி. கதையே ரங்கூன்ல தொடங்குது. சப்பான்காரன் குண்டு போட்ட காலத்துல கடல் கடந்து பிழைக்கப் போன குடும்பம் சிதறுற கதை. நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, வசனம் மு. கருணாநிதி, சிவாஜிக்கு முதல் படம். நீதிமன்றக் காட்சி கடைசிப் பகுதியிலதான் வரும். எல்லாரும் காத்திருக்கறது அதுக்குத்தான். பதிவு பண்ணி வைக்கிறதா இருந்தா முடிவு நேரத்துக்கு மேல அரை மணி நேரம் கூட்டி வைங்க. முன்னாடி ஏதாவது நேரலை நிகழ்ச்சி இழுத்துட்டா நீதிமன்றம் பாதியில நின்னுடும்.

அந்த நாள் (1954) ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்தான், பாட்டே கிடையாது. தமிழ்ல பாட்டில்லாம வந்த முதல் படம், எஸ். பாலசந்தர் இயக்கினது. 1943-ல சென்னையில சப்பான் குண்டு விழுந்த நேரத்துல ஒரு ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்படுறாரு, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கோணத்துல நடந்ததைச் சொல்றாங்க. முதல் காட்சியிலேயே துப்பாக்கி வெடிச்சிடும், அதனால பத்து நிமிஷம் பிந்தி உட்கார்ந்தா ஒண்ணும் புரியாது. இந்த வரிசையில ஒரே ஒரு படம்தான்னா நான் இதைத்தான் சொல்வேன். முடிவு தெரிஞ்சவங்களைப் பக்கத்துல உட்கார வைக்காதீங்க.

---

ஏணிக்காரன் எழுதியது:

குண்டாத் தெரியறதுக்குப் பதில். 1970-க்கு முன்னாடி வந்த நம்ம படங்கள்ல பெரும்பாலானவை 4:3-க்குக் (அகலம் 4, உயரம் 3) கிட்டத்தட்டச் சமமான சட்டத்துல எடுத்தவை. உங்க டிவி 16:9. முழுத்திரைக்கும் இழுத்தா ஆள் மூணுல ஒரு பங்கு அகலம் கூடிடுவார். ஜூம் போட்டா அகலம் சரியாகும், ஆனா மேலயும் கீழயும் சேர்த்து நாலுல ஒரு பங்கு வெட்டுப்பட்டுப் போயிடும். பரத நாட்டியம் ஆடுறப்போ பாதம் காணாமப் போறது இதனாலதான்.

கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு வழி: படத்துல வட்டமான ஒரு பொருளைப் பிடிங்க. நெத்திப் பொட்டு, வண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம் எதுவானாலும் சரி. அதோட மூலையில இருக்கற சேனல் சின்னத்தையும் பாருங்க. பொட்டும் சின்னமும் சேர்ந்து சப்பையா இருந்தா இழுக்கறது உங்க டிவி அல்லது டிகோடர். சின்னம் ஒழுங்கா இருந்து பொட்டு மட்டும் சப்பையா இருந்தா நிலையத்துலயே இழுத்து அனுப்புறாங்க. முதல் வகைக்கு டிகோடர் அமைப்புல 4:3 படத்துக்கு ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விடச் சொல்லி வைங்க, டிவியை ‘ஆட்டோ’வுல விடுங்க. ரெண்டாவது வகைக்கு டிவி ரிமோட்ல 4:3 போடுங்க. சின்னம் ஒடுங்கிப் போகும், ஆளுங்க சரியாயிடுவாங்க. வீட்டுல யாராவது “ஏன் ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கு, டிவி கெட்டுப்போச்சா”ன்னு கேப்பாங்க. பொறுத்துக்குங்க.

ராஜராஜ சோழன் (1973) மட்டும் வேற கதை. தமிழ்ல வந்த முதல் சினிமாஸ்கோப் படம், உயரத்தைப் போல ரெண்டே காலுக்கு மேல அகலம். மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையோட வந்தா அப்படியே பாருங்க. பட்டையே இல்லாமத் திரை முழுக்க வந்தா ரெண்டு ஓரத்தையும் வெட்டியிருக்காங்க. தர்பார் காட்சியில பேசுறவர் குரல் மட்டும் கேட்டு ஆள் தெரியலேன்னா அதான் காரணம். அப்படின்னா அன்னிக்கு வேற படம் பார்த்துக்கலாம்.

படம் தொடங்கறதுக்கு முன்னாடி இதையும் மாத்தி வைங்க. அசைவை வழவழப்பாக்குற வசதி (ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ மாதிரி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேர்) அணைக்கணும். இல்லாட்டி சினிமா, சீரியல் மாதிரி தெரியும். இரைச்சல் குறைப்பையும் அணைங்க. பழைய பிலிம்ல இருக்கற பொடிமணியை அழிக்கிறேன்னு முகத்தையே மெழுகுப் பொம்மையாக்கிடும். ஷார்ப்னஸ் பாதிக்குக் கீழ. கறுப்பு-வெள்ளைப் படத்துல நீலமோ பச்சையோ தட்டுச்சுன்னா கலரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க, டோன் ‘வார்ம்’ல வைங்க. சவுண்டுல சரவுண்ட் வேண்டாம். எல்லாமே ஒற்றைத்தட ஒலி. சரவுண்ட் போட்டா வசனம் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும்.

மழை. சாயந்திரம் நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் இங்க இடிமழை நேரம். டிஷ்ல வர்றது கேயூ பேண்ட்ங்கற அலைவரிசை, கனத்த மழைத்துளியில அலை அடிபட்டு சிக்னல் போயிடும். டிஷ்ஷை எப்படித் திருப்பினாலும் மழை நிக்கிற வரைக்கும் வராது, ஏறி நின்னு திருகாதீங்க. மறு ஒளிபரப்பு காலையிலயோ ராத்திரி பத்துக்கு மேலயோ இருந்தா அதைப் பிடிங்க. சாதா ஆண்டெனாவுல வர்ற மைடிவிங்கற இலவச டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மழை பெரிய பிரச்சினை இல்ல, செம்பனைதான் பிரச்சினை. ஆண்டெனா மட்டைக்கு மேல நிக்கணும். ஈர மட்டை யூஎச்எஃப் அலையைக் குடிச்சிடும். முந்தி மாதிரி புள்ளிபுள்ளியா வராது, நல்லா வரும் இல்லாட்டி ஒண்ணுமே வராது.

---

செம்பனை நிழல் எழுதியது:

பழைய ரீல் ஐயா சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க முடியல. பிள்ளைங்க இருக்கற வீட்டுல முதல் வாரமே அந்த நாள் வேணாம். திருவிளையாடல்ல (1965) தொடங்குங்க. நாலு தனித்தனிக் கதை, ஒவ்வொண்ணும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய வரும். ஒண்ணு முடிஞ்சதும் நிறுத்தி மறுநாள் தொடரலாம், நூல் அறுந்து போகாது. தருமியா வர்ற நாகேஷைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை இல்ல. நக்கீரரா வர்றது இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான். பாட்டுப் போட்டிப் பகுதியில பாட்டெல்லாம் கதையோட ஒட்டி வருது. அதுல ஒண்ணை வெட்டினா ஹேமநாத பாகவதர் ஏன் ஊரை விட்டு ஓடுறார்னு விளங்காது.

ரெண்டாவது காதலிக்க நேரமில்லை (1964). ஶ்ரீதரோட முதல் வண்ணப் படம். எஸ்டேட் முதலாளியா டி.எஸ். பாலையா வர்றாரு. நாகேஷ் அவருக்குப் பேய்க்கதை சொல்ற இடத்துல பாலையா முகத்தை மட்டும் பாருங்க. இதுல அறிமுகமான ரவிச்சந்திரன் நம்ம கோலாலம்பூர்ல பிறந்தவர்னு பெரியவங்களுக்கு ஞாபகப்படுத்துங்க.

தில்லானா மோகனாம்பாள் (1968) பெரியவங்களுக்கு. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடன்ல எழுதின தொடர்கதை. நாதஸ்வரம் வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள், சிவாஜியோட விரலும் கன்னமும் அதுக்குப் பொருந்தி வரும். டிவியில தானா சத்தத்தைச் சமப்படுத்துற வசதி இருந்தா இந்தப் படத்துக்கு அணைச்சிடுங்க. அது நாதஸ்வரத்தை அமுக்கி, அமைதியான இடத்துல இரைச்சலைத் தூக்கிவிடும், போட்டிக் காட்சி சப்புன்னு போயிடும்.

உதிரிப்பூக்கள் (1979) பிள்ளைங்க தூங்கின பிறகு. புதுமைப்பித்தனோட ‘சிற்றன்னை’யிலேர்ந்து மகேந்திரன் எடுத்தது. வசனம் குறைவு, விளம்பர இடைவேளை அதிகமா இருந்தா படம் நிக்காது. பதிவு பண்ணி, விளம்பரத்தைத் தள்ளிட்டுப் பாருங்க.

---

ஆறாங்கட்டை எழுதியது:

நன்றிங்க எல்லாருக்கும். பொட்டும் சின்னமும் ரெண்டுமே சப்பை, டிகோடர்லதான் இருந்துச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. நாடோடி மன்னன் பாதியில கறுப்பு-வெள்ளையிலேர்ந்து கலருக்கு மாறும்னு சொல்றாங்க, உண்மையா? சில கலர்ப் படம் முழுக்கச் செக்கச்செவேல்னு வருதே, அதையும் டிவியில சரி பண்ணலாமா?

---

பழைய ரீல் எழுதியது:

உண்மைதான். சரோஜாதேவி வர்ற பின்பகுதி கேவாகலர்ங்கற கலர் பிலிம்ல எடுத்தது. அதனால இந்த ஒரு படத்துக்கு மட்டும் ஏணிக்காரன் சொன்ன மாதிரி கலரைப் பூஜ்யத்துல வச்சிடாதீங்க. வச்சுட்டு மறந்துட்டா பிற்பகுதி முழுக்கக் கறுப்பு-வெள்ளையாவே ஓடும், ஒருத்தருக்கும் தெரியாது.

செவப்பு வர்றது ஈஸ்ட்மன்கலர்ங்கற கலர் பிலிம் பிரதியோட வயசுக் கோளாறு. அதுல நீலப்பச்சைச் சாயம்தான் முதல்ல வெளுக்கும், மிஞ்சி நிக்கிறது செவப்பு. இல்லாத சாயத்தை டிவியால கொண்டுவர முடியாது. கலரை மூணுல ஒரு பங்கு இறக்கி, டின்ட்டைப் பச்சைப் பக்கம் ரெண்டு மூணு புள்ளி தள்ளுங்க. மனுஷ முகம் மனுஷ முகமாத் தெரிஞ்சா அதோட நிறுத்திக்குங்க. கர்ணன் (1964) மாதிரி 2012-ல டிஜிட்டல்ல சுத்தம் பண்ணி மறுபடி வெளியிட்ட படங்களுக்கு இந்த வேலை தேவையில்ல. அட்டவணையில அது வந்தா, புதுப் பிரதியா பழசான்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு: இந்தியாவுலேர்ந்து வர்ற அறிவிப்பைப் பார்த்து நேரம் குறிச்சா ரெண்டரை மணி கூட்டிக்குங்க, அங்க மத்தியானம் ஒண்ணுன்னா இங்க மூணரை. மலேசியாவுக்குன்னு தனியா ஒளிபரப்புற சேனல்னா டிகோடர்ல காட்டுற நேரம்தான் கணக்கு.