பிரான்சுப் போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்க் கடிதங்களில் வீட்டு விவகாரமே மிகுந்திருப்பது ஏன்?

கேள்வி (வரலாற்று மாணவி):
முதல் உலகப் போரில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். சேறு நிறைந்த பதுங்குகுழிகளில் நின்றவர்கள் எழுதியவை ஆயிற்றே என்று எண்ணித் திறந்தால், எருமையை விற்றாயிற்றா, கடன் அடைந்ததா, தம்பிக்குப் பெண் பார்த்தாயிற்றா என்ற விசாரணைகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. மனைவியின் பெயரைச் சொல்லி எழுதிய கடிதம் ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் படவில்லை. போரைப் பற்றி எழுத அஞ்சினார்களா? தமிழர் எழுதியவை ஏதேனும் கிடைக்குமா?

மறுமொழி 1 (ஆவணக் காப்பகப் பணியாளர்):
அச்சம் ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் கடிதம் எத்தனை கைகளைக் கடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதத் தெரியாது என்பதால், படைப்பிரிவில் எழுத்தறிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுவித்தார்கள், அதைப் பிரிவின் ஆங்கிலேய அதிகாரி பார்த்தார், பின்னர் ஐ.சி.எஸ். (இந்தியக் குடிமைப் பணி) அதிகாரி ஈவ்லின் ஹோவெல் தலைமையில் இயங்கிய தணிக்கை அலுவலகம் பார்த்தது. ஊர் வந்து சேர்ந்ததும் படிக்கத் தெரிந்தவர் யாரேனும் வீட்டார் அனைவர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். இத்தனை பேர் காதில் விழப்போகும் ஒன்றில் மனைவியைப் பெயர் சொல்லி விளிக்க அன்றைய கிராமத்து ஆண் எவரும் கூசியிருப்பார்.

இன்னொன்று: மூலக் கடிதங்கள் உரியவர்களிடம் போய்விட்டன. நமக்கு எஞ்சியவை பெரும்பாலும் தணிக்கையாளர் தம் அறிக்கைகளுக்காகப் பொறுக்கி எடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்த பகுதிகளே. படையின் மனநிலையைக் கண்காணிப்பவர் கவனிக்கத்தக்கது என்று கருதியதிலேயே இவ்வளவு எருமையும் கடனும் இருக்குமானால், அவர் ஒதுக்கிய கடிதங்களில் இன்னும் எவ்வளவு இருந்திருக்கும்!

மறுமொழி 2 (படை வரலாற்று ஆர்வலர்):
போரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தியப் படையின் லாகூர், மீரட் டிவிஷன்கள் (பெரும் படைப்பிரிவுகள்) 1914 இலையுதிர் காலத்தில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, வட ஐரோப்பியக் குளிருக்குப் போதாத உடைகளோடு பெல்ஜியம், பிரான்சு எல்லைப் பகுதியான ஃபிளாண்டர்ஸ் களத்துக்கு அனுப்பப்பட்டன. காயம்பட்டவர் ஒருவர், இது போரே அன்று, உலகத்தின் முடிவு என்று எழுதினார். கறுப்பு மிளகு என்றால் இந்தியர், சிவப்பு மிளகு என்றால் வெள்ளையர் என்ற குறிப்புமொழியில் இழப்புகளைத் தெரிவித்தவர்களும் உண்டு. தணிக்கையாளர்கள் அதையும் கண்டுகொண்டார்கள்.

முகாம் உணவில் அரசு மிகுந்த கவனம் காட்டியது. கோதுமை மாவு, பருப்பு, நெய், வெல்லம் வழங்கப்பட்டன. ஆடுகளை அவரவர் முறைப்படி அவர்களே அறுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனையில் அமைந்த மருத்துவமனையில் ஒன்பது சமையற்கூடங்கள் இருந்தன. ஆயினும், காயம் ஆறியவர்களை ஊருக்கு அனுப்பாமல் மீண்டும் களத்துக்கே அனுப்பியதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. கடிதங்களில் கசப்பு வெளிப்படையாகத் தெரிவது இங்கேதான்.

தமிழர் பற்றி: அந்த இரு டிவிஷன்களில் பஞ்சாப், கட்வால், நேபாளம், எல்லைப்புற மாகாணம் ஆகிய பகுதிகளின் வீரர்களே மிகுதி. சில சமூகத்தாரே போருக்கு ஏற்றவர்கள் என்று கருதிய ‘போர்க்குணச் சாதிகள்’ என்ற கொள்கையால் சென்னை மாகாணத்தில் ஆளெடுப்பு அதற்கு முன்பே சுருங்கிவிட்டது. பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆவது காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது; மதராஸ் சாப்பர்கள் (படைப் பொறியியல் பிரிவினர்) மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இருந்தார்கள். தமிழ்க் கடிதங்களுக்கு அந்தப் போர்முனைகளின் பக்கம் தேடுவதே பொருத்தம்.

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற சுபேதார்):
எருமையை விசாரிப்பதும் குடும்பத்தை நினைப்பதும் வேறு வேறு அல்ல, அம்மா. எங்கள் காலத்தில் ‘கேர் ஆஃப் 56 ஏபிஓ’ என்ற படை அஞ்சலக முகவரிக்கு வரும் நீல இன்லண்ட் கடிதத்தில், நான்கு ஓரங்களிலும் நெருக்கி எழுதி, ஒட்டும் மடிப்பில்கூட ஒரு வரி இருக்கும்; பெரும்பாலும் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்பவைதான். பனிமலையில் இருந்துகொண்டு அதற்கு யோசனை சொல்லி எழுதும்வரை நான் வீட்டுக்குப் பொறுப்பானவன். அந்தச் சிப்பாயும் மாதம் பதினொரு ரூபாய் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியவர். அந்தப் பணம் என்னவாயிற்று என்று கேட்காமல் வேறென்ன கேட்பார்? மேலும், குண்டு விழுவதை எழுதினால் தாயார் உறங்கமாட்டார் என்பது எல்லாக் காலத்துப் படைவீரனுக்கும் தெரியும்.

மறுமொழி 4 (மொழிபெயர்ப்பாளர்):
1915 இறுதியில் காலாட்படையின் பெரும்பகுதி பிரான்சை விட்டு நீங்கிய பின்னரும் குதிரைப்படை 1918 வரை அங்கே தங்கியது. அவர்களுடைய கடிதங்களையும் படியுங்கள். பிரெஞ்சுக் கிராம வீடுகளில் தங்கியபோது பெண்கள் கணக்கெழுதுவதையும் பண்ணையை நடத்துவதையும் கண்டவர்கள், மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று தந்தைக்கும் அண்ணனுக்கும் வற்புறுத்தி எழுதத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து வந்த கடிதங்களும் அதே தணிக்கை அலுவலகத்தில் பிரிக்கப்பட்டன. கணவர் திரும்பாததை எண்ணி மனைவியர் எழுதிய, அல்லது எழுதுவித்த, வரிகள் அந்தத் தொகுதியில் சில உள்ளன. நீங்கள் தேடும் மனைவியின் குரல் அங்கேதான் கிடைக்கும்.