பட்டறைக்கு பாய்லர் சூட்: ரெடிமேடா, அளவெடுத்துத் தைப்பதா?

கோவை_கராஜ்:
எங்கள் கார் பட்டறையில் மெக்கானிக், டிங்கர், எலெக்ட்ரீஷியன் என எல்லோருக்கும் ஒரே மாதிரியான பாய்லர் சூட் (சட்டையும் பேன்டும் ஒன்றாகத் தைத்த வேலை உடை) எடுக்க இருக்கிறேன். போன முறை வாங்கிய ரெடிமேட் உடைகளில் துணி நன்றாகவே இருந்தது. ஆனால் கவட்டைத் தையல் ஒவ்வொருவருக்காக விட்டுக்கொண்டே வந்தது. இம்முறை கடைக்காரர் 65 பங்கு பாலியஸ்டரும் 35 பங்கு பருத்தியும் கலந்த, 240 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 240 கிராம் எடை) பாலிகாட்டனைக் காட்டுகிறார். என் பங்குதாரரோ காட்டன் டிரில் (சாய்வரி நெசவில் நெய்த தடித்த பருத்தி) துணியெடுத்துத் தைக்கக் கொடுப்போம் என்கிறார். எது உழைக்கும்?

திருவெறும்பூர்_வெல்டர்:
உங்கள் பங்குதாரர் சொல்வதே சரி. பாலியஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகும். வெல்டிங் பொறி பட்டால் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், பிய்த்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். பருத்தி கருகும், சிறு துளை விழும், அவ்வளவுதான். காரின் தகட்டை ஒட்டிச் சீராக்கும் டிங்கரிங் நடக்கும் இடத்தில் பாலிகாட்டனை அனுமதிக்கவே கூடாது என்பது என் கருத்து.

அம்பத்தூர்_ஃப்ளீட்:
வெல்டர் அண்ணன் தன் தொழிலை வைத்துப் பட்டறை முழுவதையும் அளக்கிறார். கார் கராஜில் பெரும்பாலானோர் நாள் முழுக்க வெல்டிங் டார்ச்சைத் தொடுவதே இல்லை. அவர்களுடைய எதிரிகள் கிரீஸ், தரையில் உராய்வது, தினசரி சலவை ஆகியவைதான். இம்மூன்றிலும் பாலிகாட்டன் பருத்தியைவிட நாள்பட நிற்கும், அடைமழைக் காலத்திலும் ஒரே இரவில் காய்ந்துவிடும். பேட்டரி வேலையை மறந்துவிட்டீர்கள். கந்தக அமிலம் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பருத்தி இற்றுப்போகும். அப்போது ஒன்றும் தெரியாது, துவைத்த பிறகே அந்த இடம் சல்லடையாகியிருப்பது தெரியும். நீர்த்த அமிலத்தைப் பாலியஸ்டர் தாங்கும்.

திருவெறும்பூர்_வெல்டர்:
அமிலம் துணியைக் கெடுக்கும், உருகும் துணி ஆளைக் கெடுக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அம்பத்தூர்_ஃப்ளீட்:
சாதாரணப் பருத்தியும் தீப்பிடிக்கும் துணிதான், அண்ணே. முழுநேர வெல்டிங் செய்பவருக்கு வெல்டிங் உடைக்கான ஐஎஸ்ஓ 11611 தரத்தில் தீத்தடுப்பு உடை வாங்கிக் கொடுக்க வேண்டுமே தவிர, வெறும் காட்டன் டிரிலைப் பாதுகாப்பு உடை என்று சொல்வது ஆபத்தான தைரியத்தைத் தரும்.

திருப்பூர்_தையல்:
கேள்வி கேட்டவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: துணி கிழியவில்லை, கவட்டைத் தையல் விட்டிருக்கிறது. நீங்கள் இருவரும் துணியைப் பற்றியே சண்டையிடுகிறீர்கள். சட்டையும் பேன்டும் தனித்தனியாக இருந்தால் ஆள் குனியும்போது சட்டை மேலேறி இடம் கொடுக்கும். பாய்லர் சூட்டில் அந்த வழி அடைபட்டிருப்பதால், இழுவை முழுவதும் கவட்டையில்தான் போய் நிற்கும். ரெடிமேட் கடையில் மார்பளவை மட்டும் கேட்டு 40, 42 என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். உண்மையில் எடுக்க வேண்டியது உடற்சுற்று அளவு. கழுத்தோரத்தில் தோளின் மீது நாடாவை வைத்து, முன்புறமாக இறக்கி, கால்களுக்கிடையே கொண்டுபோய், முதுகு வழியாக அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே மார்பளவு கொண்ட இருவருக்குள் இந்த அளவு பல அங்குலம் மாறும். ஒல்லியாக உயர்ந்தவருக்குத்தான் முதலில் தையல் விடும்.

உடையைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றால் எதுவும் தெரியாது. ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு, சக்கரத்தைக் கழற்றுபவர்போல் குந்தி உட்கார்ந்து, லிஃப்டுக்கு அடியில் நிற்பவர்போல் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். கவட்டை இழுக்கிறதா, கைமுனை முழங்கைப் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். முதுகில் இரு தோள்களுக்கும் பின்னால் விரியும் மடிப்பும், இடுப்பின் பின்புறம் எலாஸ்டிக்கும், கவட்டையில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் சந்திக்காதபடி வைத்த சாய்சதுரத் துண்டும் இருந்தால் எந்தத் துணியும் நிற்கும். தையல் வரிசை மூன்று இருக்கிறதா, பாக்கெட் மூலைகளில் பார்டேக் (பிரியாமலிருக்கப் போடும் நெருக்கமான தையல்) போட்டிருக்கிறார்களா என்பதை உடையை உள்பக்கம் திருப்பினாலே பார்த்துவிடலாம். காட்டன் எடுத்தால் சான்ஃபரைஸ்டு செய்த, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணியாகக் கேளுங்கள். இல்லையென்றால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். முதல் சலவையில் சுருங்கும் ஓர் அங்குலமும் கவட்டையில்தான் கணக்கு கேட்கும்.

அம்பத்தூர்_ஃப்ளீட்:
அளவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதற்காக ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைப்பது பெரிய பட்டறைக்குச் சரிப்படாது. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், புதிதாக வந்தவருக்கு மறுநாளே உடை வேண்டும். நீள உடலுக்கும் குட்டை உடலுக்கும் தனித்தனி அளவில் ரெடிமேட் தரும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். தளர்வாகத் தைத்துக்கொள்ளலாம் என்று போனால் அடுத்த ஆபத்து வரும். ஓடும் இயந்திரத்தருகே வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று முன்பு நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆவது பிரிவு எழுதிவைத்தது காரணமில்லாமல் இல்லை. ஃபேன் பெல்ட்டுக்குத் தொங்கும் கைமுனை ஒன்று போதும்.

திருப்பூர்_தையல்:
உடற்சுற்றில் தளர்வு வேறு, கைமுனையில் தளர்வு வேறு. முன்னதைக் கூட்டி, பின்னதை அமுக்குப் பொத்தானால் இறுக்கலாம். ஜிப்பின் மேலும் பொத்தான்களின் மேலும் துணி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஃபென்டர் மீது சாய்ந்தவுடன் வாடிக்கையாளரின் பெயின்டில் கீறல் விழும்.

திருவெறும்பூர்_வெல்டர்:
தையல்காரரிடம் ஒரு கேள்வி. காட்டன் துணியில் தைத்தாலும் நூல் பாலியஸ்டர்தானே? பொறி விழுந்தால் துணி நிற்கும், நூல் உருகித் தையல் வாயைப் பிளக்கும்.

திருப்பூர்_தையல்:
உண்மைதான். ஆனால் பருத்தி நூல் வியர்வையிலும் சலவையிலும் சீக்கிரம் இற்றுவிடும் என்பதால் பொதுவேலைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. வெல்டிங் உடைக்கென்றே தீத்தடுப்பு நூல் இருக்கிறது, விலை கூடுதல்.

கோவை_கராஜ்:
ஒரே உடை எல்லோருக்கும் என்பதைக் கைவிடுகிறேன். டிங்கருக்குத் தீத்தடுப்பு உடை, மற்றவர்களுக்குப் பாலிகாட்டன். உடற்சுற்று அளவை நானே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். பொருந்தாதவர்களுக்கு மட்டும் தைக்கக் கொடுக்கிறேன்.

அம்பத்தூர்_ஃப்ளீட்:
அப்படியானால் இரண்டையும் இரண்டு நிறத்தில் எடுங்கள். சலவைக்குப் போய் வந்தால் மாறிவிடும்.

திருவெறும்பூர்_வெல்டர்:
எண்ணெய் ஊறிய தீத்தடுப்பு உடையும் எரியும் என்பதை டிங்கரிடம் சொல்லிக் கொடுங்கள். பிளீச் போட்டுத் துவைக்க வேண்டாம் என்று சலவைக்காரரிடமும் சொல்லுங்கள்.