பழைய புல்லட் 350: கேஸ்கட் மாற்றியும் நிற்காத ஆயில் ஒழுகல்

கேள்வி:
என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டின் புல்லட் 350. வார்ப்பிரும்பு எஞ்சின், வலக்கால் கியர். சில வாரங்கள் நிறுத்திவிட்டு எடுத்தால், முதல் சில கிலோமீட்டருக்குள் எஞ்சினின் அடிப்பகுதி முழுவதும் ஆயில் படர்ந்து பின்சக்கரம் வரை தெறிக்கிறது. தினமும் ஓட்டும் நாட்களில் இவ்வளவு இல்லை. டேப்பட் கவர், டைமிங் கவர் இரண்டுக்கும் புது கேஸ்கட் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடு) போட்டாயிற்று. இனி எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில் 1:
எஞ்சினைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம், ஐயா. நிறுத்தி வைத்த பிறகுதான் அதிகம் ஒழுகுகிறது என்பதே முக்கியமான அறிகுறி. இந்த எஞ்சினில் ஆயில் டேங்க், கிராங்க் கேஸோடு (பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு இருக்கும் கூடு) சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். ஆயில் பம்பின் வட்டு தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போது டேங்கில் உள்ள ஆயில் அதன் வழியாக மெல்ல இறங்கி, கிராங்க் சுழலும் அறையில் தேங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆயில் காற்றோடு சேர்ந்து பிரீதர் குழாய் (எஞ்சினுள் அழுந்தும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியே வெளியே தள்ளப்படுகிறது.

ஓட்டி வந்து எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயில் குச்சியில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி பாருங்கள். தரையில் ஆயில் இல்லாமலே அளவு இறங்கியிருந்தால் காரணம் இதுதான். குறைந்துவிட்டதென்று அப்போது ஆயில் ஊற்றிவிடாதீர்கள். தேங்கியது டேங்கிற்குத் திரும்பும்போது அளவு மிஞ்சி, ஒழுகல் இன்னும் கூடும். பிரீதர் முனையில் உள்ள ரப்பர் வால்வு இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் வேறு இடங்களிலும் கசிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுத் தூரிகையால் கழுவி, நன்றாகக் காயவைத்து, இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டுங்கள். எதிர்க்காற்று ஆயிலைப் பின்னோக்கி இழுத்துச் செல்லும் என்பதால், ஈரமான இடங்களில் மிக உயரத்திலும் முன்பக்கத்திலும் இருப்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ராக்கருக்கு (எஞ்சின் தலையில் வால்வுகளைத் திறக்கும் நெம்புகோல்) ஆயில் செல்லும் குழாயின் செம்பு வாஷர்கள் பழையவை என்றால், சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மிருதுவாகும். கிளட்ச் கவரைப் பிடித்திருப்பது ஒரே நட்டு. கசிகிறதென்று அதை மேலும் முறுக்கினால் கவர் வளையும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன். அளவு நன்றாகவே இறங்கியிருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது. பம்பை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில் 1:
உடனே வேண்டாம். டைமிங் கவரைக் கழற்றி, பம்ப் வட்டை அதன் இருக்கையில் மென்மையான கிரைண்டிங் பேஸ்ட் (உலோகத்தைத் தேய்த்துச் சமமாக்கும் பசை) வைத்துத் தேய்த்துப் பொருத்தலாம். பேஸ்ட்டின் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். கவரை மூடும்போது சிலிக்கான் பசையை அள்ளிப் பூசாதீர்கள். ஆயில் செல்லும் வழிகள் அந்தக் கவருக்குள்ளேயே இருக்கின்றன. பிதுங்கிய பசை அவற்றை அடைத்தால், கசிவு நிற்கும், ஆனால் ஆயில் கிடைக்காமல் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) போய்விடும். அதுவரை, நீண்ட நாள் நின்ற வண்டியை எடுக்குமுன் கிராங்க் அறையின் டிரெயின் நட்டைக் கழற்றித் தேங்கிய ஆயிலை வடித்து, சுத்தமாக இருந்தால் டேங்கிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள்.