மதுரைக்கு டிக்கெட், இறங்கியது திருச்சியில்

போன ஐப்பசியில் நடந்தது. சென்னையிலிருந்து மதுரைக்கு மாலை விமானம். மதுரைக்கு மேலே வட்டம் அடித்துக்கொண்டே இருந்தது. கீழே இடி, மழை. கடைசியில் திருச்சிக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். என் காரோ மதுரை விமான நிலைய பார்க்கிங்கில் நிற்கிறது!

திருச்சியில் இறங்கியபோது மணி ஏழேகால். மழை விட்டதும் திரும்பப் பறக்குமாம், எப்போது என்று சொல்ல ஆளில்லை. கைப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் விரும்பினால் இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மூன்று பேர் இறங்கினோம். பக்கத்து சீட்காரர் மட்டும், "இருங்க சார், எப்படியும் போயிரும்" என்றார். நான் கேட்கவில்லை.

நேர்கோட்டில் அளந்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே 120 கிலோமீட்டர் சொச்சம்தான். சாலையில் ஏறக்குறைய 140. நான்கு வழிச்சாலை, இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாடகைக் கார் பிடித்தோம். ஆனால் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. டி.வி.எஸ். டோல்கேட், மன்னார்புரம் என்று ஊருக்குள் புகுந்து மதுரை சாலையைப் பிடிக்கவே அரை மணி போய்விட்டது. அப்புறம் விராலிமலை, துவரங்குறிச்சி எல்லாம் பறந்தன. (பகலாக இருந்தால் விராலிமலையில் மயிலாவது பார்த்திருக்கலாம்.)

கொட்டாம்பட்டியில் டீ குடிக்கும்போது பக்கத்து சீட்காரரிடமிருந்து வாட்ஸ்அப்: "மதுரையில் இறங்கியாச்சு." டீ அதற்குப் பிறகு இறங்கவில்லை.

உடன் வந்தவர்களில் ஒருவருக்கு மேலூரில் வீடு. வாசலிலேயே இறங்கி, கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவருக்கு அன்று லாபம். நான் மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடி போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

*

மேலூர்க்காரன்: அண்ணே, டிரைவர் எந்த வழியில் கூட்டிட்டுப் போனார்? உத்தங்குடியில் ரிங் ரோட்டில் இடதுபக்கம் திரும்பி, விரகனூர், மண்டேலா நகர் வழியாகப் போயிருக்கணும். ஊருக்குள்ளே விட்டிருந்தால் தொலைந்தது. எங்களுக்கெல்லாம் திருச்சியில் இறங்கினாலும் மதுரையில் இறங்கினாலும் பெரிய வித்தியாசமே இல்லை. சிங்கப்பூருக்கு எங்கே டிக்கெட் விலை குறைவோ அங்கே ஏறிவிடுவோம்.

*

பஸ் பிரியன்: நான் ஒருமுறை இதையே பஸ்ஸில் செய்தேன். திருச்சியிலிருந்து மாட்டுத்தாவணி வரை சுகம். ஆனால் மாட்டுத்தாவணி மதுரைக்கு வடகிழக்கில், விமான நிலையம் தெற்கில். பெட்டியோடு இன்னொரு வண்டி பிடிக்கணும். ரயில் இன்னும் சுற்று: மணப்பாறை, திண்டுக்கல் வழியாக வரும். வேகம் என்னவோ ரயில்தான், சுமார் இரண்டு மணி நேரம். ஜங்ஷனிலிருந்து விமான நிலையத்துக்கு மறுபடி ஆட்டோ.

*

மேலூர்க்காரனுக்கு: ரிங் ரோடுதான் தம்பி. அங்கேயும் லாரி வரிசை. இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்து சீட்காரருக்கு வீடு ஒத்தக்கடையில். நாங்கள் ஒத்தக்கடையைத் தாண்டும்போது அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இட்லி படத்தோடு அதற்கும் ஒரு வாட்ஸ்அப் வந்தது.