புதுப்பிப்பு: இணைய இதழுக்குக் கதை அனுப்புவது

சிறுகதையை இணைய இதழ்களுக்கு அனுப்பும் முறை பற்றிய என் இழையில், பிடிஎஃப் கோப்பு போதும் என்று எழுதியிருந்தேன். அது தவறு. திருத்திக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் கொம்புகள் இடம் மாறிவிடும். ‘கொய்யா’ என்பது ‘ெகாய்யா’ என்று வந்து நிற்கும். 2,000 சொல் கதையில் இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள். சிற்றிதழ் ஆசிரியர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து இரவில் உட்காருகிறவர்கள். அவர்கள் தலையில் இதைக் கட்டக்கூடாது. யூனிகோடில் தட்டிய வேர்ட் கோப்பையே அனுப்புங்கள். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் பழைய குறியாக்கத்தில் இருக்கும் கதையானால் முதலில் யூனிகோடு மாற்றியில் போட்டு, பிறகு முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பும் பிழை காதில் சிக்கும்.

ஃபேஸ்புக்கில் போட்ட கதையை இதழுக்கும் அனுப்பலாமா என்று பினாங்கிலிருந்து கேட்ட தம்பிக்கு: முழுக் கதையையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டால் பல இதழ்கள் அதைப் பிரசுரமானதாகவே கொள்ளும். ஒரே கதையை இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். தமிழக இதழின் கெடு நள்ளிரவு 12 என்றால் மலேசியாவில் நமக்கு அதிகாலை 2.30.

நம் மலேசியத் தமிழ்ச் சொற்களை விட்டுக்கொடுக்காதீர்கள். காலை உணவைக் குறிக்கும் ‘பசியாறினான்’ என்பதைச் ‘சாப்பிட்டான்’ என்று மாற்றினால் காலை வேளையே போய்விடுகிறது. ‘மங்கு’ என்று எழுதி அடைப்புக்குறியில் பொருள் தருவதைவிட, மங்கில் ரப்பர் பால் சொட்டுவதைக் காட்டுங்கள். மாற்ற வேண்டாத சொற்களை மின்னஞ்சலிலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். வல்லினம் போல மலேசியாவிலிருந்தே வரும் இதழுக்கு அதுவும் தேவைப்படாது.